எரிமலையின் பனிக்கணக்கு

(ராஜபாளையத்தில் அறிவியல் ஆர்வலர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் காலையில் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏங்க, இந்த ஊர் வெயில்ல ஐஸ் வாங்குனா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி தண்ணியாயிடுது. எரிமலை மேல பனி எப்படி நிக்குதுன்னு பேசப்போறீங்களாமே?” என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலை எரிமலையா? தக்காணத்தில் லாவா பாய்ந்ததாகப் பாடத்தில் படித்த பிள்ளைகள் இப்படிக் கேட்பதுண்டு. புனே பக்கம் மலையேறினால் படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் தெரிவது லாவாதான். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்தது. கோவாவைத் தாண்டித் தெற்கே வந்தால் அந்தக் கதை முடிந்துபோகிறது. இங்கே நம் பக்கம், செண்பகத்தோப்புக்குப் பின்னால் சுவராக நிற்பது சார்னோகைட், நைஸ் போன்ற கற்கள். பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, வெப்பத்திலும் அழுத்தத்திலும் புடம்போட்டு எடுத்தவை. சார்னோகைட் என்ற பெயருக்கே நம் மண்ணோடு உறவு உண்டு. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம் பகுதியிலிருந்து போனது. 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லின் இனத்துக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார்.

ஊருக்குள்ளேயே சஞ்சீவி மலை இருக்கிறது. அனுமன் இமயத்திலிருந்து மருந்து மலையைத் தூக்கிவந்தபோது சிந்திய துண்டு என்பார்கள். அழகான கதை. ஆனால் கல்லின் வயதைப் பார்த்தால் முறை மாறிப்போகிறது. இமயம் எழும்பத் தொடங்கி 5 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன. நம் பக்கத்துக் கற்கள் புடம்பட்டு ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். இமயம் நமக்குப் பேரன் முறை.

இந்தத் தாத்தா மலையில் பனி தங்குமா? தங்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். நம் மலையின் உயர்ந்த உச்சிகள் 2,000 மீட்டரை ஒட்டியவை. நாம் இருக்கிற இடத்தில் வருடம் முழுக்கப் பனி நிற்க 4,500 மீட்டருக்கு மேல் வேண்டும். நம் மலையின் தலைமேல் இன்னொரு நம் மலையைத் தூக்கிவைத்தாலும் எட்டாது.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குப் ‘பனி’ என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது. திருப்பாவை பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் புல்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. இமயத்தில் வானிலிருந்து துகள் துகளாக விழுவதும் பனி. அந்தப் பனி பல்லாண்டுகள் சேர்ந்து, கட்டியாக இறுகி, தன் எடையாலேயே நகரத் தொடங்கினால் அதுதான் பனியாறு. ‘நகர வேண்டும்’ என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் அந்த இடத்துக்குத் திரும்ப வருவேன்.

துகள் எப்படிக் கட்டியாகிறது? அதை இந்த ஊரில் சொல்வது சுலபம். ஜின்னிங்கில் கொட்டை நீக்கிய பஞ்சு ஓர் அறையையே அடைத்துக் கிடக்கும். பிரஸ்ஸில் போட்டு அழுத்தினால் 170 கிலோ பேலாக ஒடுங்கிவிடும். பஞ்சு ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஊடே இருந்த காற்றுதான் வெளியேறியது. பனிக்கும் இதே கதைதான். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். ஒரு கோடையைத் தாங்கி நின்ற பனி, சர்க்கரைபோல மணிமணியாக மாறும். அடுத்த வருடத்துப் பனி மேலே விழுந்து அதை அழுத்தும். அதற்கு மேல் அடுத்த வருடம். கன மீட்டருக்கு 830 கிலோ அளவை எட்டும்போது, உள்ளே மிச்சமிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் குமிழிகளாக அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு அது 900 கிலோவைத் தாண்டும் நீலங்கலந்த பனிக்கட்டி. அங்கே பிரஸ்ஸும் பனி, பேலும் பனி.

சுமார் 30 மீட்டருக்கு மேல் கனம் சேர்ந்தால் அடியில் இருக்கும் கட்டி வெல்லப்பாகு போல இளகிக் கொடுத்து, சரிவில் மெல்ல இறங்கும். மேல்பகுதியில் பனி சேரும். கீழே வெயில்பட்டு உருகும். வியாபாரம் தெரிந்த ஊர் இது, அதனால் வியாபார மொழியிலேயே சொல்கிறேன். மேலே வரவு, கீழே செலவு. நடுவே இரண்டும் சரியாகிற ஒரு கோடு. வரவு கூடினால் பனியாறு நீளும், செலவு கூடினால் சுருங்கும். மலைமேல் கிடக்கிற வெள்ளைக் கட்டி என்று அதை நினைக்காதீர்கள். அது ஒரு பேரேடு. நாள்தோறும் வரவும் பற்றும் எழுதப்படுகிற பேரேடு.

இந்தப் பேரேட்டில் எரிமலை என்ன எழுதும்?

முதல் பதிவு வரவில்தான் விழும். எரிமலை தன் குழம்பையும் சாம்பலையும் தன்மேலேயே கொட்டிக்கொண்டு வளர்கிற மலை. சுற்றிலும் சமவெளி கிடக்க, அது மட்டும் தனியாக வானத்துக்குப் போகும். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரி தெற்கே இருக்கிறது, நம்மைவிட நடுக்கோட்டுக்கு நெருக்கம். ஆனாலும் 5,895 மீட்டர் உயரம் இருப்பதால் தலையில் பனி. அந்த உயரத்தைக் கொடுத்தது எரிமலை. காலையில் நண்பர் கேட்டதற்கு இதுவே பாதி பதில். மீதிப் பதில் என்னவென்றால், எரிமலை தினமும் கொதிப்பதில்லை. இரண்டு சீற்றங்களுக்கு நடுவே நூறு வருடம், ஆயிரம் வருடம் உறங்கும். அந்த உறக்கத்தில் பனி குடியேறிவிடும். கல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால், அடியில் நெருப்பு இருக்கிற செய்தி மேலே இருக்கிற பனிக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

இரண்டாவது பதிவு சாம்பல். இது வரவா செலவா என்பது கனத்தைப் பொறுத்தது. மெல்லியதாகத் தூவினால் வெள்ளைப் பனி கறுத்துவிடும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மதிய வெயிலில் நடந்தவருக்கு அதன் விளைவு தெரியும். பனி வேகமாக உருகும். அதே சாம்பல் சில சென்டிமீட்டருக்கு மேல் படிந்தால் கதை தலைகீழ். அந்தக் காலத்தில் ஐஸ் பாளத்தை மரத்தூள் போட்டுச் சாக்கு சுற்றி வண்டியில் கொண்டுபோவார்கள் அல்லவா? அந்த மரத்தூளின் வேலையைச் சாம்பல் செய்யும். வெயில் உள்ளே இறங்காது, பனி பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது பதிவு அடியிலிருந்து வரும் சூடு. இது பெரும்பற்று. இதைப் பார்க்க ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும். அந்த நாட்டின் பத்தில் ஒரு பங்கைப் பனியாறுகள் மூடியிருக்கின்றன, அவற்றில் சிலவற்றின் அடியில் உயிருள்ள எரிமலைகள். 1996 செப்டம்பர் 30ஆம் தேதி, வத்னயோகுல் என்ற மாபெரும் பனிப்பரப்பின் கீழே ஓர் எரிமலை வெடித்தது. மேலே 500 மீட்டருக்கும் அதிகமான கனத்தில் பனி. இரண்டே நாளில் நெருப்பு அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. சுமார் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 3 கன கிலோமீட்டர் பனி உருகியது. உருகிய தண்ணீர் உடனே கடலுக்கு ஓடவில்லை. பனிக்கு அடியிலேயே கிரிம்ஸ்வோட்ன் என்ற பள்ளத்தில் போய்த் தேங்கியது. ஐந்து வாரம் அந்த நாடே காத்துக் கிடந்தது. நவம்பர் 5ஆம் தேதி தண்ணீர் பனியைத் தூக்கிக்கொண்டு உடைத்தது. உச்சத்தில் விநாடிக்கு சுமார் 16 லட்சம் கனஅடி. மேட்டூரில் இரண்டு லட்சம் கனஅடி திறந்தாலே நமக்குத் தலைப்புச் செய்தி. வீடு அளவுப் பனிக்கட்டிகள் உருண்டுவந்து நெடுஞ்சாலைப் பாலங்களைப் பெயர்த்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், சாலையை முன்கூட்டியே மூடியிருந்தார்கள். இப்படிப்பட்ட வெள்ளத்துக்கு அவர்கள் மொழியில் தனிப்பெயரே இருக்கிறது: யோகுல்லாப், பனியாற்றின் ஓட்டம்.

நான்காவது பதிவைச் சொல்ல மனம் கனக்கிறது. கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்று ஓர் எரிமலை, உச்சியில் பனி மூடியது. 1985 நவம்பர் 13ஆம் தேதி இரவு சீறியது. பெரிய சீற்றம் அல்ல. உச்சியிலிருந்த பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. ஆனால் அந்தத் தண்ணீர் செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கும்போது சாம்பலையும் மண்ணையும் பாறையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, ஈரமான காங்கிரீட் போலக் கெட்டியாகிவிட்டது. அதற்கு லஹார் என்று பெயர். இரண்டரை மணி நேரம் கழித்து, 70 கிலோமீட்டர் தள்ளியிருந்த அர்மேரோ என்ற ஊரை அது மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். சேறு எந்த வழியில் வரும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராக இருந்தது. ஐஸ்லாந்தில் சாலையை மூடினார்கள். கொலம்பியாவில் ஊரைக் காலி செய்யவில்லை. இரண்டு மலைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் பெரிது.

சரி, எரிமலை பற்று மட்டும்தான் எழுதுமா? அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையைப் பாருங்கள். 1980 மே 18ஆம் தேதி வெடித்தபோது மலையின் வடக்குப் பக்கமே சரிந்து விழுந்தது. உயரத்தில் 400 மீட்டர் போயிற்று. மலையின் பனியாறுகளில் பெரும்பகுதி அன்றைக்கே அழிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, வெடிப்பு தோண்டிய அந்தக் குழியே புதுப் பனிக்குத் தொட்டிலாயிற்று. குழியின் தெற்குச் சுவர் உயரமாக நின்று வெயிலை மறைத்தது. சுவர்களிலிருந்து பனியும் கல்லும் சரிந்து சரிந்து குழிக்குள் விழுந்தன. கல் மூடாக்கு, சுவர் நிழல், சரிவு வரவு. பத்துப் பதினைந்து வருடத்தில் அங்கே ஒரு பனியாறு பிறந்துவிட்டது. உலகெங்கும் பனியாறுகள் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்த பிள்ளை அது.

எரிமலை அதோடு விடவில்லை. 2004இல் அதே குழிக்குள் புதிய லாவாக் குன்று முளைத்தது. பனியாறு ஆவியாகிப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. குன்று அதை இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒதுக்கித் தள்ளியது. தள்ளப்பட்ட பனி கசங்கிக் கனத்து, குன்றின் இரு பக்கமாகவும் ஊர்ந்து, 2008இல் மறுபுறத்தில் கைகோத்துக்கொண்டது. சுடுகல்லைச் சுற்றி ஒரு பனி மாலை. நெருப்பு எடுத்ததை நெருப்பு வெட்டிய குழியே திருப்பிக் கொடுத்தது.

இதுவரை நெருப்பு பனிக்குச் செய்ததைச் சொன்னேன். பனியும் சும்மா இருப்பதில்லை. பனிக்கு அடியில் வெடிக்கும் லாவா, உருகிய தண்ணீரில் பட்டுச் சட்டென்று உறைந்து தலையணை தலையணையாகப் புடைத்துக்கொள்ளும். ‘தலையணை லாவா’ என்றே பெயர். தண்ணீருக்குள் உறைந்த எந்த லாவாவுக்கும் இந்த வடிவம் வரும். கர்நாடகத்தில் சித்திரதுர்கா பக்கம் மரடிஹள்ளியில் கடலடியில் உறைந்த தலையணை லாவா இருக்கிறது, சுமார் 250 கோடி ஆண்டு பழையது. கர்நாடகம் போகிறவர்கள் சித்திரதுர்காக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் இதையும் பாருங்கள். ஐஸ்லாந்தில் பனிக்கு அடியில் முளைத்து வளர்ந்த எரிமலைகளுக்கு உச்சி தட்டையாக, மேசை போல இருக்கும். பனி போன பிறகும் மலையின் உருவம் பனியின் உயரத்தைச் சொல்லிக்கொண்டே நிற்கிறது.

2010 ஏப்ரலில் ஐரோப்பாவின் விமானங்கள் நாள்கணக்கில் நின்றது நினைவிருக்கலாம். ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை பனிக்கு அடியிலிருந்து வெடித்ததில், சூடான குழம்பு குளிர்ந்த உருகுநீரில் பட்டுப் பொடிப்பொடியாகச் சிதறியது. மாவு போன்ற அந்தச் சாம்பல் வெகு உயரம் போய் வெகுதூரம் பரவியது. அதைப் பொடித்ததில் பனிக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, எடை. கடைசிப் பனியுகம் முடிந்து ஐஸ்லாந்தின் மேலிருந்த கனத்த பனி உருகியபோது, அமுங்கிக் கிடந்த நிலம் மெத்தை போல எழும்பியது. அடியில் அழுத்தம் தளர்ந்ததால் பாறை உருகுவது கூடியது. அந்தக் காலத்தில் எரிமலைக் குழம்பு வழிந்தது இப்போதைப்போல 30 மடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் கணக்கிடுகின்றன. இன்றைக்கும் அங்கே பனி கரையக் கரைய நிலம் எழுந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா? அந்தமானின் பாரன் தீவில் உயிருள்ள எரிமலை இருக்கிறது, பனி இல்லை. இமயத்தில் பனியாறுகள் ஏராளம், எரிமலை இல்லை. ஆனால் இரண்டின் தடமும் ஒரே வட்டாரத்தில் கிடக்கிற இடம் உண்டு. 1856இல் ஒடிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியில் வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற அண்ணன் தம்பியும் தியோபால்டு என்பவரும் வேலை செய்தார்கள். அண்ணனுக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. மெல்லிய களிமண்ணுக்குள் பெரிய பெரிய குண்டுக்கற்கள் பதிந்து கிடப்பதைப் பார்த்து, இதைத் தண்ணீரால் தூக்கிவர முடியாது, பனிதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒடிசா வெயிலில் நின்றுகொண்டு இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். 1875இல் மகாராஷ்டிரத்தின் சந்திராப்பூர் பக்கம் ஈராய் என்ற இடத்தில், பனியாறு உரசிச்சென்ற கீறல்களோடு பாறைத் தரையே கிடைத்தது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்தை ஒட்டிக் கிடந்த கோண்டுவானா நிலத்தின் பகுதி என்பது பின்னால் தெளிவாயிற்று. அதே சந்திராப்பூர் வட்டாரத்தில் தக்காண லாவாவும் வந்து படிந்திருக்கிறது. பனி கீறிய மண்ணில் 23 கோடி ஆண்டு கழித்து நெருப்பு நடந்திருக்கிறது.

தம்பி ஹென்றி பிற்பாடு திருச்சி மாவட்டத்துப் பாறைகளை ஆராய்ந்தவர். அதற்கும் பிறகு இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளை ஒட்டிப் பருவமழை குறைகிறது என்று 1884இல் எழுதியவரும் அவரே. எங்கோ விழும் பனிக்கும் இங்கே விழும் மழைக்கும் கணக்குத் தொடர்பு உண்டு என்று முதலில் பார்த்த கண் அது.

இப்போது கணக்கை முடிக்கிறேன். எரிமலையிடம் பனி இழந்ததைப் பார்த்தோம், திரும்பப் பெற்றதையும் பார்த்தோம். அப்படியானால் எரிமலைகளின் மேல் இருக்கும் பனியாறுகள் இன்று ஏன் மறைகின்றன? கிளிமஞ்சாரோவில் 1912இல் சுமார் 12 சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2007இல் இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அந்த மலை இந்த நூறு வருடத்தில் ஒருமுறையும் வெடிக்கவில்லை. ஐஸ்லாந்தில் ஓக் என்ற எரிமலை மேல் இருந்த பனியாறு இனி நகரும் அளவுக்குக் கனமில்லை என்று 2014இல் ஓடூர் சிகுர்ட்சன் என்ற பனியியலாளர் அறிவித்தார். நகராதது பனியாறு அல்ல என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? 2019 ஆகஸ்டில் அதற்கு நினைவுக் கல்வெட்டு வைத்தார்கள். ஓக் மலையும் உறங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டையும் கரைத்தது மேலே இருக்கிற காற்றும் வானமும் மாறியதுதான். எரிமலை கடன்காரன், எடுத்தாலும் ஒருநாள் திருப்புவான். சூடேறிய காற்று எடுப்பது திரும்பி வருவதில்லை. என் தீர்ப்பு இதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். நமக்கு மலையில் பனிச் சேமிப்பு கிடையாது. ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருகிற தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொடுப்பது மேலே இருக்கிற சோலையும் புல்லும் மண்ணும். அதுவும் ஒரு வரவு செலவுதான். ஓக் பனியாறு செத்தது உலகத்துக்குத் தெரிந்ததே, அதை வருடக்கணக்கில் அளந்து எழுதிவைக்க ஆள் இருந்ததால்தான். ஆகவே முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூட மாடியில் ஒரு மழைமானி வையுங்கள். ஒரு நோட்டு போடுங்கள். இன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர், அய்யனார் அருவியில் இந்த வருடம் எந்தத் தேதிவரை தண்ணீர் விழுந்தது, இரண்டை மட்டும் எழுதுங்கள். பள்ளியை விட்டுப் போகும்போது அந்த நோட்டை அடுத்த வகுப்பிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.